துணி காயப்போடக் கயிறு – ஒன்று

போன மாதம் ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வீடு தேடி வந்தார். புதிதாக வாங்கியிருக்கும் எக்ஸ்ரே வேனுக்குள்ளேயே ஜெனரேட்டர் இருக்கிறதாம். இனி யார் வீட்டுக் கரண்டுக்கும் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. அதனால் பழைய டிரெய்லரின் சாமான்களை எல்லாம் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி, அந்தக் காலத்து ஸ்டாக் புத்தகத்தை அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். மிஷின், இருட்டறைத் தொட்டி, வயர்ப் பெட்டி என்று ஒழுங்காக அடித்துக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றுவிட்டார். 'துணி காயப்போடக் கயிறு – 1' என்று இருக்கிறது. பக்கத்தில் பெரிய டாக்டரம்மாவின் கையெழுத்து வேறு.

"அண்ணாச்சி, எக்ஸ்ரே எடுக்கப் போன எடத்துல துணி துவைச்சிக்கிட்டா இருந்தீய?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வாயால் சொன்னால் கோர்வையாக வராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். தம்பி, இதைப் படித்துவிட்டு அந்த வரியை அடிப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் பெயர் பிச்சையா. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பஞ்சாலையில் மோட்டாருக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் ஓடி ஓடி வயர்மேன் வேலை கற்றவன். லைசென்ஸ் பரீட்சையில் ஒரு தடவை கோட்டைவிட்டு, அடுத்த தடவை தேறினேன். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை. ஐம்பதுகளின் நடுவில் தென்காசி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு முப்பத்து நான்கு வயது, மூன்று பிள்ளைகள், எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு வேறு.

அந்த நினைப்பை எக்ஸ்ரே டிரெய்லர் வந்து இறக்கி வைத்தது. ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற வண்டி அது. உள்ளே நின்று நெஞ்சைப் படம் எடுக்கலாம். எடுத்த படத்தை அங்கேயே கழுவ ஓர் இருட்டறையும் உண்டு. காசநோய் என்ற பெயரைச் சொன்னாலே ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும் காலம். ஆஸ்பத்திரிக்கு வரப் பயப்படுகிறவர்களை அவர்கள் ஊரிலேயே போய்ப் பார்ப்பதற்காக அதை வாங்கினார்கள். வண்டியில் எல்லாம் இருந்தது, கரண்டு மட்டும் இல்லை. போகிற ஊரில் சத்திரமோ, அரிசி மில்லோ, கிணற்று மோட்டார் ரூமோ, எங்கே மின்சாரம் இருக்கிறதோ அங்கிருந்து வயர் இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த வயர்தான் என் பொறுப்பு.

வண்டிக்குப் பொறுப்பு டாக்டர் சாராள், அந்தக் கையெழுத்துக்காரர். பாளையங்கோட்டைக்காரர். என்னைவிட ஐந்து வயது இளையவர், ஒல்லி, கண்ணாடி போட்டவர். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் போய்க் கை கழுவுவார். சோப்புப் போட்டு, விரல் விரலாக, முழங்கை வரை. குழாய்ச் சத்தம் நீண்டுகொண்டே போனால் நாங்கள் மெல்ல நழுவிவிடுவோம். நாங்கள் என்றால் நானும் ஜீப் டிரைவர் தாவீதும். தாவீது ஐம்பதைத் தாண்டியவர், வாயாடி. மூக்குப்பொடியை விட்டுவிட்டேன் என்று டாக்டரம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தவர்.

டிரெய்லரோடு வந்த வயர் பத்து அடிதான் இருந்தது. நம் ஊருக்கு நாற்பது கஜமாவது வேண்டும். கடைத்தெருவில் விசாரித்தேன். கடைக்காரர் இரண்டு ரகம் எடுத்துப் போட்டார். இரண்டுக்கும் மேலே கறுப்பு ரப்பர் உறை. ஒன்றில் உள்ளே கம்பிக்கு மூன்று செம்பு இழை, இன்னொன்றில் ஏழு. மூன்று இழை வயர் லேசானது, சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். ஏழு இழை வயரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். "ஒரு வீட்டுக்கே மூணு இழை போதும் வே, ஒத்தை மிஷினுக்கு என்னத்துக்கு ஏழு?" என்றார் கடைக்காரர். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. தூக்கப் போகிறவன் நான் அல்லவா?

டாக்டரம்மா இரண்டையும் இரவலாகக் கொண்டுவரச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் டிரெய்லரை நிறுத்தி, தாவீதின் சோற்றுப் பையை வாங்கி மிஷின் முன்னால் வைத்தார். முதலில் மூன்று இழை வயரில் ஒரு படம். பிறகு ஏழு இழை வயரில், மிஷினில் ஒரு திருகுகூட மாற்றாமல், இன்னொரு படம். இரண்டையும் கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதல் படம் வெளுத்துப் போய், பையா தலையணையா என்று தெரியாமல் இருந்தது. இரண்டாவது படத்தில் தூக்குச்சட்டி தெரிந்தது, சட்டிக்குப் பக்கத்தில் மூக்குப்பொடி டப்பா ஒன்றும் மூடியோடு தெரிந்தது.

"தாவீது, இது என்ன?" என்றார்.

"அது… வண்டி ஆணி போட்டு வச்சிருக்கேம்மா."

"ஆணி படத்துல விழுமே. இதுல உள்ள ஒண்ணுமில்லாம பொடியால்லா இருக்கு?"

தாவீது என்னைப் பார்த்து முறைத்தார், நான் என்னவோ காட்டிக்கொடுத்த மாதிரி. டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "பிச்சையா, படம் எடுக்கிற அந்த ஒரு நொடியில மிஷின் மொத்தமா கரண்ட இழுக்குது. வயர் மெலிஞ்சதா இருந்தா அங்கன வந்து சேருறது கொறஞ்சிருது. படம் வெளுத்துப் போவுது. வெளுத்த படத்துல நல்ல நெஞ்சும் மேகம் மூடுன மாதிரிதான் தெரியும். வயர் செய்யுற தப்ப நான் ஒரு ஆளு மேல எழுதிருவேன். ஏழு இழையே வாங்குங்க."

பதினைந்து வருஷம் கரண்டோடு பழகிய எனக்கு, ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியாத ஒருவர் சொல்லித்தான் இது உறைத்தது. கொஞ்சம் மானக்கேடாகக்கூட இருந்தது.

வாங்கியது பாதி வேலைதான், வைத்துக் காப்பாற்றுவதுதான் மீதி. ரப்பருக்கு வெயில் ஆகாது, மண்ணெண்ணெய் ஆகாது, பேட்டரித் தண்ணீர் ஆகவே ஆகாது. எலிக்கு அது பலகாரம். இறுக்கிச் சுருட்டினால் உள்ளே செம்பு முறியும். ஆகவே அகலமான வட்டமாக, ஒரு சுற்று மேலே, அடுத்த சுற்று உள்ளே திருப்பி என்று மாற்றி மாற்றிச் சுருட்டுவேன். அப்படிச் சுருட்டினால்தான் மறுபடி இழுக்கும்போது முறுக்கிக்கொள்ளாது. ஆணியில் தொங்கவிட மாட்டேன், மரப்பெட்டியில் படுக்க வைப்பேன். மழையில் நனைந்த நாளில் பழைய வேட்டித் துணியால் முழுக்கத் துடைக்க வேண்டும். துடைத்தபின் டாக்டரம்மா தன் ரப்பர்க் கையுறைக்குப் போடுகிற பவுடரைக் கொண்டுவந்து வயருக்கும் தூவுவார். "ரெண்டும் ரப்பர்தான பிச்சையா, ஒண்ணுக்குச் செய்யுறத இன்னொண்ணுக்கும் செய்வோம்" என்பார். எங்கள் வயர்ப் பெட்டியைத் திறந்தால் குளித்துவிட்டு வந்த பிள்ளை வாசம் அடிக்கும்.

வேலைக்கு எடுக்கும்போது இன்னொரு சட்டம். பாதி வயர் போதும் என்றாலும் முழு வயரையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பரத்திவிட வேண்டும். சுருளாகக் கிடந்தபடியே கரண்டு ஓடினால் சூடேறி ரப்பர் இளகிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது காலையில் தடவிப் பார்ப்பது. இது முழுக்க டாக்டரம்மாவின் ஏற்பாடு. வயர் எதிலும் மாட்டியிருக்கக் கூடாது. பிளக் முனையை என் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும், அப்போதுதான் தெரியாமல் யாரும் கொண்டுபோய்ச் சொருக முடியாது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு நாற்பது கஜத்தையும் விரல்களுக்கு நடுவில் ஓடவிட வேண்டும். கண் திறந்திருந்தால் கை சோம்பேறியாகிவிடும் என்பது அவர் கட்சி. கட்டி இருக்கிறதா என்று நோயாளியின் கழுத்தைத் தடவுவாரே, அதே மாதிரி என் பக்கத்தில் நின்று இரண்டு நாள் செய்து காட்டினார். முடித்ததும் 'வயர் நோட்டு' என்று ஒன்றில் தேதி, ஊர், 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குக் காலையில் இருபது நிமிஷம் ஆகும். "பொண்ணு பாக்கப் போனாக்கூட இவ்வளவு நேரம் பாக்க மாட்டானே வே" என்று தாவீது ஜீப்பில் உட்கார்ந்தபடியே கேலி செய்வார்.

இப்படி இரண்டு வருஷம் ஒரு குறையுமில்லாமல் போனது. மூன்றாவது வருஷம் ஆடி மாதம் குற்றாலத்துக்குப் போனோம்.

சீசன் நேரம். சாரல் விட்டுவிட்டுத் தூவிக்கொண்டிருந்தது. சீசனுக்கென்று வந்து தங்கிக் கடை போடுகிறவர்கள், சத்திரத்துச் சமையல்காரர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் எல்லோரையும் படம் எடுக்க மூன்று நாள் ஏற்பாடு. ஒரு சத்திரத்துக்குள்ளிருந்து வயர் இழுத்து, எதிரில் மரத்தடியில் டிரெய்லரை நிறுத்தியிருந்தோம். நடுவில் அருவிக்குப் போகிற நடைபாதை. மூன்றாம் நாள் பகலில் டாக்டரம்மாவை ஒரு பிரசவத்துக்காகத் தென்காசிக்கு அவசரமாகக் கூப்பிட்டுக் கார் அனுப்பிவிட்டார்கள். போகிற அவசரத்தில் அவர் என்னிடம் சொன்னார்:

"பிச்சையா, ஆளு நடக்கிற பாதையில வயர் கெடக்கு. கொடி கட்டிருங்க."

மெயினை அணைத்து, சத்திரத்துப் பக்கத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நான் அதை அப்படியே தாவீதிடம் சொன்னேன். "அண்ணே, வயருக்குக் கொடி கட்டச் சொல்லுதாவ." சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போய்விட்டேன். மூன்று நாளாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வேலை பார்த்தவன், என்ன செய்ய. அரைமணி நேரம் அருவியில் நின்றேன். அவ்வளவு சுகமாக நான் அதற்கு முன்னும் நின்றதில்லை, பின்னும் நின்றதில்லை.

திரும்பி வந்து பார்த்தால் மரத்துக்கும் சத்திரத்துத் தூணுக்கும் நடுவில் என் ஏழு இழை வயரைத் தலை உயரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார் தாவீது. அதில் எட்டுச் சேலை, நாலு வேட்டி, போர்வை ஒன்று, குழந்தைகளின் சட்டைகள் எல்லாம் சொட்டச் சொட்டத் தொங்கின. வயர் நடுவில் தொய்ந்து போய், டிரெய்லர்ப் பக்கத்துப் பிளக்கை இழுத்துக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணே பண்ணி வச்சிருக்கீரு?"

"நீருதானவே கொடி கட்டச் சொன்னீரு? கட்டியாச்சு."

டாக்டரம்மா சொன்னது சிவப்புத் துணிக் கொடி, ஆள் பார்த்து நடப்பதற்கு. தாவீதுக்குப் புரிந்தது துணி காயப்போடுகிற கொடி. குற்றாலத்தில், சீசனில், ஈரத்துணி மூட்டையோடு ஆயிரம் பேர் அலைகிற இடத்தில், கொடி என்றால் வேறு என்ன தோன்றும்? நான் வேகமாகத் துணிகளை எடுக்கப் போனேன். சத்திரத்து வராண்டாவில் தலை துவட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்துவிட்டார்.

"ஏன்யா, கொடின்னு கட்டி வச்சிட்டுத் துணி போடாதேன்னா எப்படி? காயட்டும், எடுத்துக்கிடுதோம்."

"அம்மா, இது கரண்டு வயரும்மா!"

"கரண்டு வயர எவனாவது கொடியா கட்டுவானா?"

 தாவீது மரத்துக்குப் பின்னால் போய்ப் பொடி போட்டுக்கொண்டார். கெஞ்சிக் கூத்தாடித் துணிகளை எடுக்க வைத்து, வயரை அவிழ்த்து, மூன்று தடவை துடைத்தேன். வெளியே ஒரு கீறல் இல்லை. டாக்டரம்மா வருவதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. சொல்ல வேண்டாம் என்று எங்களுக்குள் பேச்சே இல்லாமல் முடிவாகிவிட்டது.

மறுநாள் சுந்தரபாண்டியபுரம். நேற்றுத்தான் மூன்று தடவை துடைத்தோமே, அதைவிடவா தடவிப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டேன். தாவீது ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். நோட்டை எடுத்து, ஊர்ப் பெயரை எழுதி, 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டேன். முப்பத்தைந்து வருஷ வேலையில் நான் எழுதிய ஒரே பொய் அது.

ஒரு கிணற்று மோட்டார் ரூமிலிருந்து கரண்டு எடுத்தோம். முப்பத்தெட்டுப் பேர். படம் எடுக்கும் நொடியில் மிஷினில் கரண்டு அளவைக் காட்டும் முள் எவ்வளவு தணிகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சும்மா இருக்கும்போது முள் சரியாகத்தான் நின்றது, படம் எடுக்கும்போது வழக்கத்தைவிடக் குனிந்தது. "லைன் வீக்கா இருக்கும்மா, எல்லாரும் மோட்டார் போட்டிருக்காவ போல" என்றேன். அவரும் சரி என்றார்.

முப்பத்தெட்டுப் படத்தில் ஒன்றில்தான் சந்தேகம். செண்பகம் என்று ஒரு பெண், இருபது இருபத்தொரு வயது. மூன்று மாதக் கைக்குழந்தைக்காரி. பதினைந்து நாளாக இருமல். புருஷன் வடக்கே பட்டாளத்தில், இங்கே மாமியாரோடு இருந்தாள். வலப்பக்கம் மேலே வெள்ளையாகப் படர்ந்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "உறுதியாச் சொல்ல முடியாது. சளிய டெஸ்ட் பண்ணணும். அதுவரைக்கும் குழந்தையப் பிரிச்சு வச்சிருங்க, பால் குடுக்க வேண்டாம்" என்றார்.  மாமியார் குழந்தையை மருமகள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு நடந்தார். அந்தப் பெண் காலி மடியோடு எங்கள் டிரெய்லர்ப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைச் சுற்றிக்கொண்டு போய் வயரைச் சுருட்டினேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் அடுத்த ஊர். அன்று காலை ஆஸ்பத்திரி ஷெட்டில் பிளக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, வயரை விரலில் ஓடவிட்டேன். டிரெய்லர்ப் பக்கத்துப் பிளக்குக்கு ஒரு சாண் முன்னால் விரல் உள்ளே வழுக்கியது. ரப்பர் முழுசாக இருக்கிறது, உள்ளே மட்டும் இடுப்பு ஒடுங்கின மாதிரி. பிளக்கைத் திறந்தேன். ஒரு கம்பியின் ஏழு இழையில் ஐந்து அறுந்து கிடந்தன. மிச்சம் இரண்டும் திருகாணியில் தளர்ந்து, கறுத்துக் கருகியிருந்தன. குற்றாலத்து ஈரத்துணி எல்லாம் தொங்கி இழுத்த இடம் அதுதான்.

தாவீது எட்டிப் பார்த்தார். "ரெண்டு மொழம் வெட்டிட்டு மாட்டிரும் வே. பத்து நிமிச வேலை. யாருக்குத் தெரியப் போவுது?"

உண்மைதான், யாருக்கும் தெரிந்திருக்காது. நான் வெட்டுக்கத்தியைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் டிரெய்லர்ப் படியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது கண்ணைவிட்டுப் போகவில்லை. எனக்கும் அப்போது வீட்டில் ஒரு கைக்குழந்தை. கத்தியை வைத்துவிட்டு, அறுந்த பிளக்கோடு டாக்டரம்மா அறைக்குப் போனேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அருவி, கொடி, நோட்டில் போட்ட கையெழுத்து, ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

அவர் எழுந்து கை கழுவப் போனார். குழாய்ச் சத்தம் நின்றபாடில்லை. நான் அப்படியே நின்றேன். திரும்பி வந்து சுந்தரபாண்டியபுரத்துப் படங்களை எல்லாம் எடுத்து ஜன்னலில் வரிசையாகச் செருகினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாமே வெளுத்துத்தான் இருக்கு பிச்சையா" என்றார் மிக மெல்ல. "மத்தவங்க திடமா இருந்ததால எனக்கு உறுத்தல. இவ இருமுனா, மெலிஞ்சிருந்தா, அதனால இவ படத்துல மட்டும் நோயத் தேடியிருக்கேன். நோட்டக் கொண்டாங்க."

நோட்டைக் கொண்டுபோய் வைத்தேன். என் 'பார்த்தேன்'ஐ அடித்து, என்னையும் வீட்டுக்கு அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை அடிக்கவில்லை. அதற்குக் கீழே, 'பிச்சையா பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார்.  

"அந்த முனைய வெட்டிட்டுப் புதுசா மாட்டுங்க. டிரெய்லரோட கெளம்புவோம்" என்றார்.

சுந்தரபாண்டியபுரத்தில் செண்பகம் இல்லை. சளி டெஸ்ட்டுக்குக்கூடக் கொண்டுவராமல் மறுநாளே அவளை வாசுதேவநல்லூருக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமியார் குழந்தையை மடியில் போட்டுச் சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தார். அது குடித்த பாதியை வெளியே தள்ளியது. இரண்டு நாளில் குழந்தை முகம் சுருங்கிவிட்டிருந்தது. டாக்டரம்மா எதையும் மறைக்காமல், படம் சரியாக விழவில்லை, தப்பு எங்கள் மேல் என்றார். பெரிய டாக்டர் ஒருவர் ஊர் நடுவில் நின்று அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "ஒங்க வயரு கெட்டதுக்கு எம் மருமவளா ஊரைவிட்டுப் போவணும்?"

குழந்தையின் வாயோரத்தைத் துடைத்தார். பிறகு தொடர்ந்தார். "நான் கொடுமக்காரின்னு நெனைக்காதீய. எம் மூத்தவன் இந்தச் சீக்குலதான் போனான். என் மடியிலதான் போனான். இந்தப் புள்ளையையும் குடுக்க மாட்டேன்."

"குடுக்க வேண்டாம்மா. நீங்களே பிள்ளையத் தூக்கிட்டு எங்களோட வாங்க. மறுபடி படம் எடுப்போம். நல்லதா விழுந்தா அவ கையில குடுங்க. கெட்டதா விழுந்தா நீங்களே திருப்பிக் கொண்டாந்திருங்க."

மாமியார் பிள்ளையை முந்தானையால் சுற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். வாசுதேவநல்லூர் போய்ச் சேருகிற வரைக்கும் குழந்தை அழுதது. தாவீது அன்று ஒரு கேலியும் பேசவில்லை, பொடியும் போடவில்லை.

அங்கே ஓர் அரிசி மில்லில் கரண்டு கேட்டோம். மில்காரர் எங்களுக்காகத் தன் மோட்டாரை நிறுத்திக் கொடுத்தார். முனையை வெட்டியதில் வயர் குறைந்திருந்தது. தரையில் சுற்றிக்கொண்டு போட்டால் எட்டாது என்று, சந்துக்குக் குறுக்கே இரண்டு மூங்கில் நட்டு மேலே தூக்கிக் கட்டினேன். பிளக் இழுபடாமல் இருக்க அதன் கழுத்தைத் தனியாக ஒரு கட்டுக் கட்டினேன். நடுவில் சிவப்புத் துணி. மாட்டுவதற்கு முன்னால், சந்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் கண்ணை மூடி முழு வயரையும் தடவினேன். பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும் என்றிருந்தது.

செண்பகத்தை அவள் அப்பா கூட்டிவந்தார். மாமியார் சந்தின் அந்தக் கோடியில், பம்புக்குப் பக்கத்தில் குழந்தையோடு நின்றார். அழுகைச் சத்தம் கேட்டதும் இந்தப் பெண்ணின் உடம்பு தானாக அந்தப் பக்கம் திரும்பியது. கால் நகரவில்லை. ரவிக்கையும் முந்தானையும் பால் கசிந்து நனைந்திருந்தன. அவள் கையைக் குறுக்கே கட்டி மறைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் டிரெய்லருக்குள் ஏறினாள்.

"மூச்ச இழுத்துப் பிடி" என்று டாக்டரம்மாவின் குரல். நான் முள்ளைப் பார்த்தேன். லேசாகத் தலையசைத்துவிட்டு நிமிர்ந்துகொண்டது. "லைன் நல்லாருக்கும்மா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னேன்.

படம் கழுவக் கால் மணி நேரம். குழந்தை ஓயாமல் அழுதது. செண்பகம் படியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பீடியைப் பற்ற வைக்காமல் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். நான் வேண்டாத தெய்வமில்லை. டாக்டரம்மா இருட்டறையிலிருந்து ஈரப் படத்தோடு வெளியே வந்து அதைப் பகல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். அதிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் முழங்கை வழியாக ஓடியது. இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், மறுபடி வலப்பக்கம் பார்த்தார். படம் கறுப்பாக, பளிச்சென்று இருந்தது. எலும்பு எண்ணலாம்.

"நெஞ்சு சுத்தமா இருக்கும்மா. வெறும் சளி இருமல்தான்."

அந்தப் பெண் நம்பவில்லை. நிமிர்ந்து, "இனி பால் குடுக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"இப்பவே குடு."

அதற்குள் மாமியாரே ஓடி வந்துவிட்டார். குழந்தையை அவள் கையில் வைத்தார். வெளியே ஆண்பிள்ளைகள் நின்றதால் டாக்டரம்மா தாயையும் பிள்ளையையும் டிரெய்லருக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தினார். நாங்கள் வெளியே நின்றோம். உள்ளே அழுகை கொஞ்ச நேரம் விக்கி விக்கிக் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது. தாவீது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் மில்லுக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், அங்கேயே சுவரைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது டாக்டரம்மா சந்து நடுவில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் குழந்தை நனைத்த துணிகளை மாமியார் பம்படியில் அலசிப் பிழிந்திருந்தார். காயப்போட இடம் தேடியிருக்கிறார். தலைக்கு மேலே இழுத்துக் கட்டிய ஒன்று தெரிந்திருக்கிறது. என் வயரில், சிவப்புத் துணிக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் இரண்டாகக் குழந்தைத் துணிகள் வரிசையாகத் தொங்கின.

 "அம்மா, பிளக் என் பையில இருக்கு" என்று எடுத்துக் காட்டிக்கொண்டே துணிகளை எடுக்கப் பாய்ந்தேன்.

டாக்டரம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். முகத்தைப் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் கண் நனைந்திருந்தது.

"இருக்கட்டும் அண்ணாச்சி" என்றார். அதற்கு முன் என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. "காயட்டும்."

ஐந்து துணியும் காய்கிற வரைக்கும் அந்தச் சந்தில் உட்கார்ந்திருந்தோம். தென்காசிக்குத் திரும்புகிற வழியில் கடைத்தெருவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி நாற்பது முழத்துக்குத் தேங்காய் நார்க் கயிறு வாங்கினார். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் எங்கள் முதல் வேலை, ஊர்க்காரர்களுக்கு ஒரு கொடி கட்டுவது. அதற்கப்புறம்தான் வயர். அதன்பின் ஒருவரும் எங்கள் வயரில் துணி போட்டதில்லை.

அந்தக் கயிற்றைத்தான் அவர் ஸ்டாக் புத்தகத்தில் எழுதி வைத்தார். தம்பி, புது வேனில் வயர் இல்லை, அதனால் கயிறும் வேண்டாம் என்பது சரிதான். அந்த வரியை அடிப்பதானால் அடியுங்கள். ஆனால் உங்கள் வேனுக்கும் ஒரு நோட்டு இருக்கும். அதில் 'பார்த்தேன்' என்று எழுதுவதற்கு முன்னால், ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.